கரையில் நிற்பவர்கள்

அந்தமானில் வாழ்பவர்களை மலைநாட்டார் என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் நிலவியல் அறிந்தவர்கள் அவ்வாறு அழைப்பதில் பிழை காணமாட்டார்கள். மியான்மரின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் அரக்கான் யோமா மலைத்தொடர் தெற்கே வந்து கடலுக்குள் இறங்குகிறது. இறங்கிய தொடரில் நீருக்குமேல் தலைநீட்டும் பகுதிகளே எங்கள் தீவுகள். வட அந்தமானில் உள்ள சேடில் சிகரம் 732 மீட்டர் உயரமுடையது. அந்தமான் தீவுகளில் அதுவே உயர்ந்த முடி. நாங்கள் கடற்கரை என்று சொல்வதெல்லாம் உண்மையில் மலைச்சரிவுகள். ஒரு முடியிலிருந்து அடுத்த முடிக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி நடந்து செல்ல இயலாது. பள்ளத்தாக்கு முழுவதும் நீர். மலையேறுவோர்க்குக் கயிறும் பனிக்கோடரியும் எவ்வாறோ, எங்களுக்குப் படகும் துடுப்பும் அவ்வாறு.

நான் படகு செய்பவன் அல்லன். என் தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து துறைமுகப் பணிக்காகக் கப்பலேறி இங்கு வந்தவர். நான் தீவிலேயே பிறந்து, தீவிலேயே படித்து, கூட்டுறவு வங்கியொன்றின் சிறுதொழிற்கடன் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். படகு செய்வோர், வலை பின்னுவோர், மூங்கிற்கூடை முடைவோர், சுற்றுலாப் பயணிகளுக்கு மூழ்குகருவிகளை வாடகைக்கு விடுவோர் எனப் பலதிறத்தாரும் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கின்றனர். கைவினைஞர்களின் திறமையை வியந்து எழுதியோர் பலர். அவர்களுக்கு அருகில் நின்று, அவர்கள் தொழில் நின்றுபோகாமல் காத்தவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே. கரையில் நிற்கும் அந்தச் சிலரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

தலைநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் சென்றால் மாயாபந்தர் வரும். அதன் அருகில் கரேன் மக்கள் வாழும் வெபி என்னும் ஊர் உள்ளது. காட்டுவேலைக்காக 1925ஆம் ஆண்டு பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மரத்தையும் கடலையும் ஒருசேர அறிந்தவர்கள். வண்டூரில் உள்ள அந்தமான் நிகோபார் சுற்றுச்சூழல் குழுவின் ஆய்வு நிலையத்திலும் கரேன் இனத்தவர் நெடுங்காலமாகக் களப்பணி புரிந்து வருகின்றனர். ஆமைகளையும் பவளத்திட்டுகளையும் ஆராய வரும் அறிஞர்கள் பலர், அலையைப் பார்த்து ஆழத்தைச் சொல்லும் அவர்களது கண்ணை நம்பியே கடலில் இறங்குகின்றனர்.

அப்பகுதியில் நான் அறிந்த படகுத் தச்சர் ஒருவர் இருக்கிறார். இன்று எழுபது வயதைக் கடந்தவர். தீவில் பலமொழியினரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது இந்தியில்தான். நான் அவரை 'அங்கிள்' என்பேன். அவர் என்னை 'மேனேஜர் சாப்' என்பார். நான் மேலாளர் ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அப்பதவியை அவர் எனக்கு அளித்துவிட்டார்.

அவருடைய பட்டறைக்கு முதன்முதல் சென்ற நாளில், பட்டறை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கு இல்லை. சதுப்புநிலக் கால்வாயின் ஓரத்தில் நான்கு கம்பங்களும் ஓலைக்கூரையும் இருந்தன. கூரையின்கீழ் ஏரா எனப்படும் அடிக்கட்டை கிடத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து விலா எலும்புகளைப்போல் வங்குகள் இருபுறமும் எழுந்து நின்றன. வங்குகளின்மேல் பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். பலகைகளின் இடுக்கில் பருத்தித் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசினால் நீர் உட்புகாது. தமிழகக் கடற்கரையில் இவ்வேலையைக் கலப்பத்து என்பர். என் தந்தையார் வாயிலிருந்து கேட்ட அச்சொல்லை நான் சொன்னதும், அவர் தம் மொழிச்சொல்லை எனக்குச் சொன்னார். என் நாவில் அது சரியாக ஏறவில்லை. அவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

வங்கியின் படிவம் படகின் வரைபடத்தைக் கேட்டது. அவர் உள்ளே சென்று ஒரு கயிற்றைக் கொண்டுவந்தார். அதில் சீரற்ற இடைவெளிகளில் முடிச்சுகள் இருந்தன. முதல் முடிச்சுவரை அணியத்தின் உயரம். அடுத்தது நடுப்பகுதியின் அகலம். அதற்கடுத்தது இயந்திரம் அமரும் இடம். அந்தக் கயிற்றின் முடிச்சுகளை அளந்து, எண்களாக்கி, நானே ஒரு படம் வரைந்து படிவத்தோடு இணைத்தேன். தலைமை அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு வங்கி ஊழியன் செய்யக்கூடிய உதவிகளுள் இதுவும் ஒன்று என்றே கருதுகிறேன்: கயிற்றில் உள்ள அறிவைக் கட்டங்களுக்குள் பெயர்த்து எழுதுவது.

ஆனால் கடன் கிடைத்துவிட்டதால் மட்டும் படகு உருவாகிவிடுவதில்லை. படகுக்கு மரம் வேண்டும். இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டிய வரலாறு ஒன்று உள்ளது.

ஆங்கிலேயர் 1883ஆம் ஆண்டு சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலையை நிறுவினர். அன்றுமுதல் நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தமான் மரங்கள் கப்பல் கப்பலாக வெளியேறின. பாதாக் என்னும் செம்மரமும், குர்ஜன் என்னும் நெடுமரமும் தலைநிலத்தின் வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் சென்று சேர்ந்தன. காடு மெலிந்தது. இதுகுறித்து ஆராய உச்ச நீதிமன்றம் அமர்த்திய சேகர் சிங் ஆணையம் 2002ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. அவ்வாண்டு மே 7ஆம் நாள் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. பழங்குடியினர் காப்புப் பகுதிகளிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. பிற இடங்களில் வெட்டப்படும் மரமும் தீவு மக்களின் தேவைக்கே உரியது, வெளியே அனுப்பலாகாது என்று வரையறுக்கப்பட்டது. இவ்வாணை வந்திராவிட்டால் இன்று நாம் காணும் காட்டின் பெரும்பகுதி இருந்திராது. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் நன்மைதரும் சட்டமும் எளியவனின் கூரைக்கு மேலேயே முதலில் இடியாக விழுவதுண்டு. பெரிய ஆலைகளிடம் கையிருப்பு இருந்தது. அங்கிளிடம் நான்கு பலகைகள் இருந்தன.

அப்போது அவருக்குத் துணைநின்றவர் வனத்துறையின் கீழ்நிலை அலுவலர் ஒருவர். அவர் விதியை மீறவில்லை; மீறும்படி எவரும் கேட்கவும் இல்லை. எந்த விண்ணப்பத்தை எந்த மாதத்தில் அளித்தால் அவ்வாண்டின் ஒதுக்கீட்டில் இடம்பெறும் என்பதை, மிதிவண்டியில் வந்து நேரில் சொல்லிவிட்டுச் சென்றார். காற்றில் விழுந்த மரங்களின் ஏலம் எப்போது நடக்கும் என்பதையும் சொன்னார். சட்டத்தைத் தெரிந்தவர் தெரியாதவரிடம் சென்று ஒருமுறை சொல்வது என்பது எத்துணைப் பெரிய உதவி என்பதை, அவ்வாண்டு மழைக்காலத்திற்கு முன் அங்கிளின் கூரையடியில் அடுக்கப்பட்டிருந்த மரக்கட்டைகளைக் கண்டபோது அறிந்தேன்.

தேநீர்க்கடை மௌசியைப் பற்றியும் சொல்லவேண்டும். ராஞ்சிப் பகுதியிலிருந்து முற்காலத்தில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு படகு முடிய மூன்று நான்கு திங்கள் ஆகும். முன்பணம் மரத்துக்கும் ஆணிக்கும் செலவாகிவிடும். மீதிப்பணம் படகு நீரில் இறங்கிய பின்னரே வரும். இடைப்பட்ட நாள்களில் தச்சரும் உதவியாளர் இருவரும் உண்ணவேண்டுமே! மௌசி கணக்கைத் தட்டியில் கரிக்கோடுகளாக இழுத்துவைத்து, படகு இறங்கும் நாளன்று அழிப்பார். வட்டி என்று எதுவும் இல்லை. படகு இறங்கும் நாளில் அணியத்தில் உடைக்கும் தேங்காயின் பாதி மட்டும் அவருக்கு. மௌசி இல்லாதிருந்தால் வங்கி அளித்த கடனின் ஒரு பகுதி மரத்துக்குப் போகாமல் வயிற்றுக்குப் போயிருக்கும்; கடன் நிலுவையில் விழுந்திருக்கும். எங்கள் வங்கியின் ஆண்டறிக்கையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. என் கணக்கில் அப்பகுதியின் சிறந்த நிதிநிறுவனம் அந்தத் தேநீர்க்கடைதான்.

தவணை குறித்தும் ஒரு சொல். வங்கிகள் மாதந்தோறும் ஒரே தொகையை எதிர்பார்க்கும். கடல் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். அப்போதுதான் மீனவர் கையிலும் சுற்றுலாத் தொழிலாளர் கையிலும் பணம் புழங்கும். அவர்களிடமிருந்தே படகுத் தச்சருக்கும் பணம் வரவேண்டும். ஆகவே மழைத் திங்கள்களில் வட்டியை மட்டும் பெற்றுக்கொண்டு, கடல் அடங்கியபின் அசலைப் பெறலாம் என்று எழுதினேன். இரண்டு கடிதங்களுக்கு விடை வரவில்லை. மூன்றாவது கடிதத்துடன் ஐந்து ஆண்டுகளின் வரவுகளைத் திங்கள்வாரியாக எழுதி இணைத்தேன். ஒப்புதல் வந்தது. அதன்பின் அப்பகுதியில் படகுக்கடன் எதுவும் வாராக்கடனாகவில்லை.

தெற்கே நிகோபார்த் தீவுகளில் இத்தகைய துணைக்கு வங்கியோ படிவமோ தேவைப்படவில்லை. அங்கே ஹோடி என்னும் படகு உண்டு. ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்படும் மெலிந்த ஓடம் அது. ஒரு பக்கத்தில் மட்டும் மிதவைக்கட்டை ஒன்று குறுக்குக் கம்புகளால் பிணைக்கப்பட்டிருக்கும். அலையில் ஓடம் சாயாதவாறு அக்கட்டை காக்கும். தேங்காய் ஏற்றவும், மீன்பிடிக்கவும், தீவுவிட்டுத் தீவு செல்லவும், ஊர்களுக்கிடையே பந்தயம் விடவும் அதுவே பயன்படும். ஹோடி ஒருவருடைய உடைமை அன்று; தூஹேத் எனப்படும் கூட்டுக்குடும்பத்தின் சொத்து. மரம் தேர்வதிலிருந்து நீரில் இறக்குவதுவரை அக்கூட்டமே உடன்நிற்கும். முற்காலத்தில் சௌரா என்னும் சிறுதீவு இவ்வணிகத்தின் நடுவிடமாக விளங்கியது. சௌராவில் பெருமரங்கள் மிகுதியாக இல்லை. ஆயினும் பிற தீவுகளிலிருந்து பெற்ற ஓடங்களைச் செம்மைசெய்து கார் நிகோபாருக்கு அளித்தவர்கள் சௌரா மக்களே. மண்பாண்டம் வனையும் உரிமையும் அவர்களுக்கே இருந்தது. மரம் ஓரிடம், கைத்திறன் ஓரிடம், வாங்குவோர் மற்றோரிடம். மூன்றையும் இணைத்தது நம்பிக்கை. நிகோபாரி ஹோடிக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அந்தமான் நிகோபார்த் தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோரும் 3000க்கும் மேற்பட்டோர். சௌரா மக்கள் தம் தீவைவிட்டு தெரெஸ்ஸாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். டிரிங்கட் தீவு பிளவுபட்டது. தென்னந்தோப்புகளும், கரையில் இழுத்து வைத்திருந்த ஓடங்களும், ஓடம் செய்வதற்குரிய கரையோர மரங்களும் அழிந்தன.

உலகம் இரங்கியது. கப்பல்களில் பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றை அனுப்பியவர்களின் நெஞ்சில் அன்பே இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் நிகோபார் மக்களின் தலைவர்கள் அந்நாளில் கேட்டவற்றுள் முதன்மையானவை கருவிகள். வாய்ச்சியும் கோடரியும் அரிவாளும் இருந்தால் குடிலையும் ஓடத்தையும் தாமே செய்துகொள்வோம் என்பது அவர்களது நிலை. வந்தவையோ பெரும்பாலும் வேறு. நான்கவுரித் தீவுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் சிம்ரன் ஜித் சிங், பேரலைக்குப் பின் வந்த உதவி வெள்ளம் அம்மக்களின் வாழ்க்கைமுறையை எவ்வாறு நிலைகுலையச் செய்தது என்பதை விரிவாக எழுதியுள்ளார். நான் பார்த்த கரையொன்றில், கொடையாக வந்த இயந்திரப் படகுகள் சில மூன்றாம் ஆண்டிலேயே மணலில் கவிழ்ந்து கிடந்தன. உதிரிப் பாகம் கிடைக்கவில்லை, எரிபொருளுக்கு வழியில்லை. அவற்றின் நிழலில் கோழிகள் அடைகாத்தன. அருகில் ஒரு முதியவர் பழைய வாய்ச்சி ஒன்றைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார்.

படகைக் கொடுத்தால் படகுத் தச்சருக்கு வேலை இல்லாமற்போகிறது. இது எளிய கணக்கு. ஆயினும் துயரக் காலத்தில் இக்கணக்கைப் போட எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. பசித்தவனுக்குச் சோறு இடுவதில் தாமதம் கூடாது என்பது உண்மைதான்; சோறும் ஓடமும் ஒன்றல்ல என்பதும் உண்மை.

இதற்கு மாறான ஓர் உதவியை, மாணவர்கள் தொலைதூர மலையூர் ஒன்றில் காணலாம். இத்தாலியில் மோன் பிளாங்க் மலையின் அடிவாரத்தில் கூர்மாயேர் என்னும் ஊர் உள்ளது. அங்கே கிரிவெல் என்னும் கொல்லர் குடும்பம் 1818 முதல் உழவுக்கருவிகளைச் செய்துவந்தது. மலையேறுவோர் வரத்தொடங்கியபின் பனிக்கோடரிகளையும் செய்தது. ஆஸ்கர் எக்கென்ஸ்டைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் மலையேற்றத்தில் ஈடுபாடு மிக்கவர். செங்குத்தான பனிச்சரிவில் படி வெட்டாமல் நடப்பதற்காக, காலணியின் அடியில் கட்டிக்கொள்ளும் பத்து முள்கள் கொண்ட இரும்புச் சட்டம் ஒன்றை அவர் கருதியிருந்தார். 1909ஆம் ஆண்டு அதை அடித்துத் தருமாறு அவர் சென்று கேட்டது ஒரு மாநகரத் தொழிற்சாலையை அன்று. ஆன்றி கிரிவெல் என்னும் அந்த ஊர்க் கொல்லரை. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1929இல், அக்குடும்பத்தைச் சேர்ந்த லோரான் கிரிவெல் முன்னோக்கி நீண்ட இரண்டு முள்களைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கினார். மலையேறுவோர் பனிச்சுவரில் முன்னங்காலை ஊன்றி நேராக ஏறும் முறை அதனால் வலுப்பெற்றது. 1938ஆம் ஆண்டு ஐகர் மலையின் வடக்குமுகத்தை முதன்முதல் வென்ற குழுவினர் சிலரின் காலில் இத்தகைய பன்னிரண்டு முள் சட்டமே இருந்தது.

எக்கென்ஸ்டைன் அக்கொல்லருக்கு நன்கொடை அளிக்கவில்லை. ஒரு தேவையைத் துல்லியமாகச் சொன்னார். செய்தது சரியாக இருக்கிறதா என்று தம் காலிலேயே கட்டிப் பார்த்தார். பொருளுக்கு விலை கொடுத்தார். இரண்டாம் தலைமுறை அதைத் தானே மேம்படுத்தியது. நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒரு முயற்சி உண்டு. பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் 1960இல் எவரெஸ்ட் ஏறச்சென்ற முதல் இந்தியக் குழு, தனக்கு வேண்டிய கருவிகளுள் பெரும்பாலானவற்றை இந்தியாவிலேயே செய்வித்துக்கொண்டது. முடியை எட்ட அவர்களால் இயலவில்லை. செய்யக் கற்றுக்கொண்ட கைகள் நாட்டில் எஞ்சின.

வாய்ச்சி பிடிக்கும் கைக்கு அரசும் இப்போது பெயர் சொல்லித் துணைநிற்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்கள் இடம்பெற்றுள்ளன. தச்சருக்குத் தனியிடம், படகு செய்பவருக்குத் தனியிடம். அப்பட்டியலைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று. என் பணிக்காலம் முழுவதும் படகுத் தச்சரை 'இதர தொழில்கள்' என்னும் கட்டத்தில் எழுதியவன் நான். கருவிகள் வாங்க 15,000 ரூபாய், சிலநாள் பயிற்சி, பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், பின்னர் ஐந்து விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சம் ரூபாய்வரை கடன் என்று அத்திட்டம் அமைந்துள்ளது. ஓய்வு பெற்றபின் எனக்கு வேலை என்ன? அங்கிளின் பெயரைப் பதிவுசெய்ய உடன்சென்றேன். அவரது விரல்ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக உளியும் உப்புநீரும் தேய்த்த விரல்கள். ஐந்தாம் முறை இடக்கைச் சுண்டுவிரல் பதிந்தது.

கருவிப்பணத்தில் மின்சார இழைப்புளி ஒன்று வாங்கினார். "வாய்ச்சி வாங்கவில்லையா அங்கிள்?" என்று கேட்டேன். "வாய்ச்சி என் தாத்தாவுடையது இருக்கிறது மேனேஜர் சாப். இந்த இயந்திரம் எனக்கன்று, பேரனுக்கு" என்றார்.

அந்தப் பேரனே இப்போது எங்கள் கவலையும் நம்பிக்கையும். மரப்படகுகளை வாங்குவோர் குறைந்துவிட்டனர். கண்ணாடியிழைப் படகுகள் சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்குகின்றன. எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. மீனவர் அவற்றை விரும்புவதில் குறைகாண இயலாது. மரம் அரிதாகிவிட்ட தீவில் அதுவே முறை என்றும் சொல்லலாம். ஆண்டுக்கு நான்கு படகுகள் செய்த இடத்தில் இப்போது ஒன்று நடந்தால் அரிது. பழுதுபார்க்கும் வேலை மட்டும் எஞ்சியிருக்கிறது. பேரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். சென்னையில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். கப்பல்சீட்டுக்குப் பணமும் சேர்த்துவைத்திருந்தான்.

ஹேவ்லாக் என்று முன்பு வழங்கி, 2018 முதல் சுயராஜ் தீவு எனப் பெயர்பெற்றுள்ள தீவில், கயாக் எனப்படும் சிறு ஓடங்களில் பயணிகளை அழைத்துச்செல்வோர் உள்ளனர். பகலில் சதுப்புக்காட்டுக் கால்வாய்களில் செல்வார்கள். நிலவில்லாத இரவுகளில், துடுப்புப் பட்டதும் நீலமாக ஒளிரும் நீரைக் காட்டுவார்கள். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அசைவு கண்டதும் ஒளிர்வதால் உண்டாகும் காட்சி அது. அத்தொழில் நடத்தும் பெண்மணி ஒருவர் மாயாபந்தரின் சதுப்புக்காடுகளைப் பார்க்க வந்திருந்தபோது, அங்கிளின் பழைய துடுப்பு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். அவரிடம் இருந்தவை வெளியிலிருந்து வாங்கிய உலோகக் குழாய்த் துடுப்புகள். உப்புக்காற்றில் அவற்றின் பூட்டுகள் இறுகிக் கழலாமற்போகின்றன. ஒன்று கெட்டால் மாற்று வரக் கப்பலை எதிர்பார்க்கவேண்டும். "இருபுறமும் அலகுள்ள துடுப்பு பன்னிரண்டு செய்து தரமுடியுமா?" என்று கேட்டார்.

அங்கிள் முகம் சுளித்தார். இருபுறமும் அலகுள்ள துடுப்பு அவருக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றியது. "துடுப்புக்கு ஒரு தலைதான் உண்டு" என்றார். பேரன் ஒன்றும் பேசவில்லை. அப்பெண்மணி விட்டுச்சென்ற உலோகத் துடுப்பை அன்றிரவு கயிற்றில் அளந்து முடிச்சிட்டான்.

அப்பெண்மணி பாதி விலையை முன்பணமாக அளித்தார். நான் பல ஆண்டுகளாகக் கடன் கொடுத்தவன். கடனைவிட முன்பணம் எவ்வளவு மேலானது என்பதை அறிந்தவன். கடன் கையில் பணத்தைத் தரும், நெஞ்சில் அச்சத்தையும் தரும். முன்பணம் தருபவர் பொருளுக்காகக் காத்திருக்கிறார் என்னும் நினைவு கைக்கு வேகத்தைத் தருகிறது.

துடுப்புக்குப் பெருமரம் வேண்டியதில்லை. படகுவேலையில் எஞ்சிய துண்டுகளும், அறுவை ஆலையில் கழிக்கப்படும் குறுங்கட்டைகளும் போதும். மெல்லிய பட்டைகளாக இழைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இறுக்கி, செதுக்கவேண்டும். மின்சார இழைப்புளி பயன்பட்டது. முதலில் செய்த துடுப்பைக் கால்வாயில் கொண்டுசென்று பார்த்தபோது அலகு நீரைச் சரியாகப் பற்றவில்லை. அதுவரை திண்ணையில் அமர்ந்து வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்த அங்கிள் எழுந்துவந்தார். பேரனின் கையிலிருந்து துடுப்பை வாங்கினார். வாய்ச்சியால் அலகின் நடுவில் ஓர் ஓடையைச் செதுக்கி, விளிம்பை மெலிதாக்கினார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மீண்டும் நீரில் இறக்கியபோது ஓசையின்றி நழுவியது. "அந்தத் தலையையும் கொண்டுவா" என்றார்.

பன்னிரண்டு துடுப்புகளும் பழைய போர்வைகளில் சுற்றப்பட்டுப் பேருந்தின் மேற்கூரையில் ஏறின. சாலை, படகுத்துறை, மீண்டும் சாலை, பின்னர்க் கப்பல் என்று மூன்றாம் நாள் சுயராஜ் தீவை அடைந்தன. ஏற்றுகூலியை வாங்க மறுத்த நடத்துநரும் கரையில் நிற்பவர்களுள் ஒருவரே. அவருடைய தந்தையாருக்கு அங்கிள் முன்னொரு காலத்தில் படகு செய்து கொடுத்திருந்தார்.

இரண்டு திங்களுக்குப் பின் ஒரு துடுப்பு திரும்பிவந்தது. கழுத்துப்பகுதியில் விரிசல். அப்பெண்மணி குறைசொல்லவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. விரிசல் தொடங்கிய இடத்தில் கரித்துண்டால் வட்டமிட்டிருந்தார். உடன் ஒரு தாளில், யார் துடுப்புப் போடும்போது, எத்தகைய அலையில், எத்தனையாம் நாளில் விரிசல் கண்டது என்று எழுதியிருந்தார். அத்தாளைப் பேரன் என்னிடம் கொண்டுவந்து படித்துக்காட்டினான். பிறகு தாத்தாவிடம் எடுத்துச்சென்றான். அவ்விருவரும் அவ்விரிசலைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தனர். பட்டைகளின் இழை ஓடும் திசையை மாற்றி ஒட்டவேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இப்போது இரண்டாவது கேட்புவந்துள்ளது. இருபத்துநான்கு துடுப்புகள். அவற்றுள் ஆறு சிறுவர்களுக்கு உரியவை. கைப்பிடி இரண்டு விரற்கடை மெலிதாகவும், நீளம் ஒரு சாண் குறைவாகவும் இருக்கவேண்டும். பேரன் புதிய கயிறு ஒன்றில் முடிச்சிட்டு ஓலைக்கூரையின் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறான். சென்னைக்குச் சேர்த்துவைத்த பணத்தில் பாதி ஒட்டுப்பசைக்கும் இறுக்குகருவிக்கும் செலவாகிவிட்டது. மீதி அஞ்சலகத்தில் உள்ளது, அதை எடுப்பதா விடுவதா என்று அவன் இன்னும் சொல்லவில்லை. குறுங்கட்டைகளுக்கான விண்ணப்பத்தை அடுத்த திங்கட்கிழமை வன அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். படிவத்தை நான் நிரப்பிவிட்டேன்; தொழிற்கூடத்தின் பெயர் என்னும் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. என்ன பெயர் வைப்பது என்பதில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.